சக்கரத்தில் ஒட்டிய கறுப்புத் தூசி

மும்பை மாதுங்காவில் காலை ஆறு மணி. ஒரு கட்டடத்தின் வாசலில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. மாமாவும் மருமகனும் வாளியோடு வருகிறார்கள். இருவரும் தாராவியில் குடியிருப்பவர்கள். மாமாவுக்கு வண்டி கழுவுவது பல வருடத் தொழில். மருமகன் திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

மருமகன் ஒரு காரின் முன் சக்கரத்தருகே குந்தினான். ரிம் முழுவதும் கறுப்பாக இருந்தது. காய்ந்த பிரஷ்ஷால் பரபரவென்று தேய்த்தான். தூசி புகைபோல் எழுந்தது. வாயால் ஊதித் தள்ளினான்.

"ஏலே, நிறுத்து! முதல்ல தண்ணிய ஊத்து."

"ரோட்டுத் தூசிதானே மாமா?"

"ரோட்டுத் தூசின்னா பின் சக்கரத்துலயும் இவ்வளவு இருக்கணுமே. போய்ப் பாரு."

பின் சக்கரத்தில் கொஞ்சம்தான் இருந்தது.

இது பிரேக்கிலிருந்து வரும் தூசி. பிரேக்கை மிதித்தால் என்ன நடக்கிறது? சக்கரத்தோடு ஓர் இரும்புத் தட்டு சுற்றுகிறது. பிரேக் பேட் அதை இறுக்கிப் பிடிக்கிறது. இரண்டும் உரசிச் சூடேறுகின்றன. இரண்டும் தேய்கின்றன. தேய்ந்த பொடி ரிம்மில் போய் ஒட்டுகிறது. வண்டி நிற்கும்போது பாரம் முன்பக்கம் சாயும். அதனால் முன் பிரேக்குக்கு வேலை அதிகம். பல கார்களில் பின்னால் டிரம் பிரேக் இருக்கும். அதன் தூசி பெரும்பாலும் டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும்.

இந்தப் பொடியில் இரும்பு உண்டு. மும்பையிலோ கடல் காற்று, நான்கு மாத மழை. இரும்புப் பொடி துருப்பிடித்து ரிம்மைக் கவ்விக்கொள்ளும். ஒரு வாரத் தூசி சோப்புத் தண்ணீரில் போய்விடும். ஒரு வருடத் தூசி அப்படிப் போகாது.

ஆனால் மாமா பயந்தது கறைக்கு அல்ல, புகைபோல் எழுந்த தூசிக்கு.

தாராவியில் பல வீடுகளுக்குச் சிமெண்ட் சீட்தான் கூரை. அதில் கல்நார் கலந்திருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் என்பதும் அதுவே. சூட்டைத் தாங்கும் என்பதால் பிரேக் பேடிலும் லைனிங்கிலும் அதைச் சேர்த்து வந்தார்கள். இன்று பல கம்பெனிகள் சேர்ப்பதில்லை. ஆனால் இந்தியாவில் முழுத் தடை இல்லை. எந்தத் தூசியில் கல்நார் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் நுண்ணிய இழைகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கும். புற்றுநோயும் வரலாம். நோய் தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகும்.

1995-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கல்நார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் குறைந்தது 40 வருடம் வைத்திருக்க வேண்டும் என்றது. நோய் அவ்வளவு தாமதமாக வரும். தெருவில் வண்டி கழுவுகிறவருக்கு இப்படிப் பதிவேடு வைக்க யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் முதலில் தண்ணீர். நனைந்த தூசி பறக்காது. ஆனால் சக்கரம் சூடாக இருக்கக்கூடாது. ஓடி வந்த வண்டி ஆறும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீரை மெதுவாக ஊற்றி நன்றாக நனைக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். கம்பி நார் வேண்டாம், கீறிவிடும். சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. அந்தத் துணியால் கதவைத் துடைத்தால் இரும்புப் பொடி பெயிண்டில் கோடு போடும். அப்புறம் வண்டிக்காரரிடம் யார் பேச்சு வாங்குவது?

போகாத கறைக்குச் சிலர் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். கறை போகும். அலாய் வீலின் பளபளப்பும் சேர்ந்து போகும். கையும் கண்ணும் வேகும். இரும்புக் கறைக்கென்றே ஆசிட் இல்லாத திரவம் கடையில் கிடைக்கிறது. இரும்பில் பட்டதும் ஊதா நிறமாக மாறும். நாற்றம் அடிக்கும். கையுறை போட்டுக்கொண்டு தெளிக்க வேண்டும். காய்வதற்குள் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

இரும்புத் தட்டில் எண்ணெயோ பாலிஷோ படவே கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது. ஈரத் தட்டிலும் முதலில் பிடிப்பு குறையும். அதனால் வண்டி கிளம்பியதும் மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று தரம் பிரேக்கை மிதித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மருமகன் நான்கு சக்கரத்தையும் முடித்தான். ஈரத் துணியை உதறப் போனான்.

"உதறாதே. அப்படியே வாளித் தண்ணியில அலசு. வீட்டுத் துணியோட சேர்த்துப் போட்டுடாதே, பிள்ளைங்க சட்டையும் அதுலதான் கிடக்கும்."