கடைக்கு ஒரு சிறு கத்தி: பார்த்து வாங்கும் முறை



தராசு, எடைக்கல், கல்லாப்பெட்டி என்று கடைச் சாமான்கள் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். ஆனால் நாள் முழுவதும் கையில் புழங்கும் சிறு கத்தியை மட்டும் யாரும் பொருட்படுத்துவதில்லை. கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறோம். அப்படித்தான் நானும் இருந்தேன். 2014-ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவம் என் கண்ணைத் திறந்தது.

எங்களிடம் துவரம் பருப்பு வாங்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் காலையிலேயே வந்து, மடித்த காகிதம் ஒன்றைக் கல்லாவில் வைத்தார். பிரித்தால், சுண்டுவிரல் நகம் அளவில் ஓர் எஃகுத் துண்டு. "அண்ணாச்சி, பருப்பு கழுவும்போது ஒரு வீட்டம்மா எடுத்துக் கொடுத்தாங்க. நல்ல வேளை, கண்ணில் பட்டது" என்றார். அது தள்ளி உடைத்துப் பயன்படுத்தும் கட்டரின் பிளேடு. எங்கள் கடைப் பையன் மூட்டை பிரிக்கும் கட்டரை வாங்கிப் பார்த்தேன். இரண்டு துண்டுகள் குறைந்திருந்தன. ஒன்று கல்லாவில் இருக்கிறது, மற்றொன்று எங்கே?

அந்த 50 கிலோ மூட்டையிலிருந்து மூன்று கடைகளுக்குச் சரக்கு போயிருந்தது. மூவருக்கும் சொல்லி விற்பனையை நிறுத்தச் செய்தோம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்துக்கொண்டு நானே கடை கடையாகப் போனேன். இரண்டாவது கடையின் டின்னில், பருப்பைக் கிளறியபோது அந்தத் துண்டு காந்தத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. சரக்கில் கல் கிடந்தால் வாடிக்கையாளர் திட்டுவதோடு விடுவார். பிளேடு கிடந்து ஒரு குழந்தையின் வயிற்றுக்குள் போயிருந்தால் நாம் என்ன பதில் சொல்வது? தவறு பையனுடையது அல்ல. அந்தக் கருவியை அவன் கையில் கொடுத்த என்னுடையது.

அன்று முதல் எங்கள் கடையில் உடையும் பிளேடும் இல்லை, மடக்குக் கத்தியும் இல்லை. மடக்காத, நிலையான அலகு உள்ள சிறு கத்திதான். 100, 150 ரூபாய்க்குள்ளேயே நல்ல கத்தி கிடைக்கும். பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஏன் மடக்காத கத்தி?

கட்டரின் பிளேடில் குறுக்கே கோடுகள் இருக்கும். கோடு கோடாக உடைந்து வருவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். காகிதத்துக்கும் அட்டைக்கும் அது பொருந்தும். கயிற்றில் மாட்டிச் சற்றே திருகினால், நாம் உடைக்க நினைக்காத நேரத்திலும் உடையும். மடக்குக் கத்தியிலோ, மடிக்கும் இடத்தில் மாவும் தூசியும் சேரும், கழுவ வராது. பூட்டு இல்லாத கத்தி அழுத்தும்போது விரல் மேலேயே மடங்கும். மடக்காத கத்தியில் இந்த இரண்டு தொல்லையும் கிடையாது.

எஃகைச் சோதிப்பது எப்படி?

கத்தி வாங்கப் போகும்போது ஒரு சிறு காந்தத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எவர்சில்வர் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகை உண்டு. பாத்திரத்துக்குப் போடும் வகைகள் பலவற்றில் காந்தம் ஒட்டாது. அந்த வகையைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது. அதில் செய்த கத்தி பளபளவென்று இருக்கும், நான்கு நாளில் மழுங்கிவிடும். ஆகவே, அலகில் காந்தம் ஒட்டாவிட்டால் கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காந்தம் ஒட்டிவிட்டால் மட்டும் நல்ல கத்தி என்று முடிவு கட்டவும் கூடாது. தோய்த்தல் சரியில்லாத அலகிலும் காந்தம் ஒட்டும். கடைக்காரர் அனுமதித்தால், அலகின் முதுகில் ஓர் ஓரமாக அரத்தை லேசாக ஓட்டிப் பாருங்கள். ஆணியைத் தேய்ப்பதுபோல் அரம் கடித்துக்கொண்டு துருவல் விழுந்தால் எஃகு மெது. அரம் சற்று வழுக்கிக்கொண்டு போனால் கருக்கு நிற்கும்.

கொல்லுப் பட்டறைகளில் லாரியின் பழைய வில்பட்டையை அடித்துச் செய்யும் கத்தி சணலுக்கும் கயிற்றுக்கும் நன்றாக உழைக்கும். துருப் பிடிக்கும் என்பதுதான் அதன் குறை. இரும்பு அறுக்கும் ரம்பத் தகட்டைத் தேய்த்துச் செய்த கத்திகளும் விற்பனைக்கு வருகின்றன. கருக்கு நன்றாக நிற்கும். ஆனால் பக்கவாட்டில் நெம்பினால் படக்கென்று ஒடியக்கூடும். சரக்கு மூட்டை அருகே அது வேண்டாம்.

பிடியைப் பாருங்கள்

மலிவுக் கத்தி பெரும்பாலும் அலகில் கெடுவதில்லை, பிடியில்தான் கெடுகிறது. அலகின் பின்பகுதி பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். கடைசிவரை போய், இரண்டு மூன்று ரிவிட் அடித்திருந்தால் நல்லது. பிளாஸ்டிக் பிடிக்குள் மறைந்திருந்தால், அலகைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பிடியை இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். சிறிது ஆடினாலும் வாங்க வேண்டாம்.

பிடி நான்கு விரலும் அடங்கும்படி 4 அங்குலமாவது இருக்க வேண்டும். அலகும் பிடியும் சேரும் இடத்தில் ஒரு மேடு அவசியம். எண்ணெய்க் கையோடு அழுத்தும்போது விரல் கருக்கின் மேல் சறுக்காமல் அந்த மேடுதான் தடுக்கும். நிறம் சிவப்போ மஞ்சளோ பளிச்சென்று இருக்கட்டும். சரக்கில் தவறி விழுந்தாலும் உடனே கண்ணில் படும்.

அளவும் முனையும்

மளிகைக் கடை வேலைக்கு 3 முதல் 4 அங்குல அலகு போதும். முதுகு 2 மில்லிமீட்டர் கனம் இருந்தால் வளையாது. ஊசிபோல் நீண்ட முனை தேவையில்லை. அது மூட்டைக்குள் இருக்கும் பாக்கெட்டைத்தான் கிழிக்கும். வாங்குவதற்கு முன் அலகைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கோணல் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு காகிதத்தை வெட்டிப் பாருங்கள். அடியிலிருந்து முனைவரை சிக்காமல் போக வேண்டும்.

சட்டத்தையும் அறிந்துகொள்வோம். ஆயுத விதிகள் 2016-இன்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகுகள், வீடு, வேளாண்மை, தொழில் முதலிய பயன்பாட்டுக்கானவை நீங்கலாக, ஆயுத வகையில் வருகின்றன. நமது சிறு கத்தி அதற்கு வெகுவாக உட்பட்டது. இருந்தாலும் கடைக் கத்தி கடையிலேயே இருக்கட்டும். இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போக வேண்டாம்.

ஒன்றல்ல, இரண்டு

சாக்கு அறுத்த கத்தியால் வெல்லமும் புளியும் வெட்டக் கூடாது. சாக்கின் அழுக்கு அப்படியே உணவுப் பொருளில் சேரும். ஆகவே இரண்டு கத்திகள், இரண்டு நிறப் பிடிகள் வையுங்கள். புளியின் புளிப்பு சாதாரண எஃகைக் கறுக்கச் செய்யும், உப்பு துருவேற்றும். உணவுப் பொருளுக்குக் காந்தம் ஒட்டும் எவர்சில்வர் கத்தியும், சணலுக்கும் அட்டைப் பெட்டிக்கும் பட்டறைக் கத்தியும் ஏற்றவை.

மூட்டையைப் பிரிக்கக் கத்தியே வேண்டாம் என்பதையும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். இயந்திரத் தையலில் சங்கிலிபோல் தெரியும் பக்கம் பின்னால் இருக்க, நேர்த்தையல் நம்மைப் பார்க்கும்படி மூட்டையை வைத்து, வலது முனை முடிச்சை மட்டும் நறுக்கி நூலை இழுத்தால் தையல் முழுவதும் பிரிந்து வரும். வராவிட்டால் மறுமுனையில் பார்க்கலாம். சாக்கும் கிழியாது, காலிச் சாக்குக்கு விலையும் கிடைக்கும்.

பராமரிப்பு

மழுங்கிய கத்திக்குத்தான் அதிகம் அழுத்த வேண்டும். அழுத்தும் கைதான் வழுக்கி வெட்டுப்படும். வாரம் ஒரு முறை சாணைக்கல்லில் தீட்டுங்கள். 2 சென்டிமீட்டர் அகல அலகானால், அதன் முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு பென்சில் பருமன் இடைவெளி விட்டு இரு பக்கமும் சமமாகத் தேய்த்தால் போதும். எண்ணெய் டின்னை நெம்பக் கத்தியைப் பயன்படுத்த வேண்டாம். முனை ஒடிவதே பெரும்பாலும் அதில்தான்.

இரவு கடை சாத்தும் முன் கல்லாப் பணத்தை எண்ணுவதுபோல் கத்திகளையும் எண்ணுங்கள். முனை முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒடிந்திருந்தால் துண்டு கிடைக்கும்வரை அன்று பிரித்த மூட்டை எதையும் விற்க வேண்டாம். யாருக்காவது கையில் வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தி, மருத்துவரிடம் அனுப்பி, டெட்டனஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

அந்தக் காந்தம் இன்றும் என் கல்லாப்பெட்டியில் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொரு பையனிடமும் அதைக் காட்டி, நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் கத்தியைக் கொடுக்கிறேன். உறுப்பினர்கள் இன்று கடை சாத்தும் முன் தங்கள் கடையில் புழங்கும் கத்தியை ஒரு முறை கையில் எடுத்துப் பார்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.