வெற்றிடத்தால் திறக்கும் இரண்டாம் கதவுகள்

மோட்டார் எஞ்சினுக்கு உணவாவன பெட்ரோலும் காற்றுமாம். இவ்விரண்டையும் தக்க அளவிற் கலந்தூட்டும் கருவி கார்புரேட்டர் எனப்படும். 1990-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க நாட்டுப் புதிய கார்களினின்று இது மறைந்ததாயினும், அந்நாட்டுப் பழைய விரைவுக் கார்களைப் பேணுவோர் இன்றும் இதனைக் கையாளுகின்றனர். அவருட் பலர் பிழைபட உணரும் ஓர் உறுப்பினை ஈண்டு ஆராய்வாம்.

எஞ்சினுக்கு வேண்டும் காற்று எப்பொழுதும் ஓரளவினதன்று. ஷெவர்லே 350 கன அங்குல எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அஃது இருமுறை சுழலும்போது தன் கொள்ளளவு காற்றை ஒருமுறை உட்கொள்ளும். ஆகவே நிமிடத்திற்கு 3,000 சுற்றில் ஏறக்குறைய 304 கன அடியும், 6,000 சுற்றில் 608 கன அடியும் அதற்கு உச்ச அளவாம். இவ்வேறுபாட்டிற்கு ஈடுகொடுக்கவே ஹாலி முதலிய கார்புரேட்டர்களில் நான்கு குழல்கள் அமைந்தன. முன்னிரண்டின் கதவுகள் ஓட்டுவோன் காலுக்குப் பணியும். பின்னிரண்டின் கதவுகளோ, நாம் கூறும் வகையில், எஞ்சினின் தேவைக்கே பணியும்.

அஃது எங்ஙனம்? பாயும் பொருளின் வேகம் மிகுமிடத்து அழுத்தம் குறையும் என்பதை டானியேல் பெர்னூலி 1738-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒடுங்கிய குழலில் நிகழும் பாய்ச்சலை வென்டூரி 1797-இல் ஆராய்ந்து எழுதினார். முன்குழலின் ஒடுங்கிய கழுத்திற் காற்று விரைய, ஆண்டுண்டாகும் அழுத்தக் குறைவு நுண்ணிய வழியொன்றாற் பக்கத்துச் சிற்றறையை எட்டும். அவ்வறையிலுள்ள சவ்வு, தன்னை அழுத்தும் சுருள்வில்லை எதிர்த்து மேலெழுந்து, தண்டினால் இரண்டாம் கதவுகளைத் திறக்கும். வெற்றிடம் என்பது வழக்குச் சொல்லே; உண்மையில் அஃது அழுத்தக் குறைவேயாம்.

எனவே திறக்கும் வேளையை வரையறுப்பது பெரும்பாலும் அச்சுருள்வில்லின் வலிமையே. ஹாலியார் இவற்றை நிறத்தாற் பிரித்தனர். வெள்ளை மிக மெலிது, கறுப்பு மிக வலிது. வில் மிக வலிதாயின் கதவுகள் முற்றும் திறவா. உயர்ந்த சுற்றில் எஞ்சின் வலி குன்றும். மிக மெலிதாயின் கதவுகள் முந்தித் திறக்கும். உடனே காற்று புகும், பெட்ரோலோ பின்தங்கும், எஞ்சின் ஒரு நொடி திணறும். எதிரே வண்டி வர, முன்செல்லும் வண்டியைக் கடக்க முயல்வோனுக்கு அந்நொடி உயிர்க்கேடாதலும் கூடும்.

கதவுகள் திறக்கையில் முதுகில் ஓர் உதை உணரப்படவேண்டும் என்பாருளர். அது பொருந்தாது. அவ்வுதை பெரும்பாலும் திணறிய எஞ்சின் மீள்வதன் அடையாளமே. செவ்வனே அமைந்தவை திறப்பதே தெரியாமல் திறக்கும். வேறு சிலர் திருகாணி பொருத்தி இக்கதவுகளையும் காலுக்கே பணியச் செய்வர். இதுவும் தவறு, மிதிக்குந்தோறும் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறு பம்பு இவ்வகையில் முன்குழல்களுக்கு மட்டுமே உண்டு.

இனிச் சீர்செய்யும் முறை கூறுவாம். முதலில் எஞ்சினை நிறுத்திச் சவ்வைச் சோதிக்க. தண்டினை மேலே தள்ளி, காற்றுவழியை விரலால் அடைத்து விடுக. தண்டு அவ்வாறே நிற்பின் சவ்வு பழுதற்றது. பின்னர்த் தண்டில் காகிதக் கிளிப்பொன்றைச் சிற்றறையின் அடியை ஒட்டச் செருகுக. பொதுவழியல்லாத ஓட்டத்திடலில் முழு மிதியுடன் ஓட்டி நிறுத்திப் பார்க்க. கிளிப் இறங்கிய தொலைவே கதவு திறந்த அளவைக் காட்டும். நின்றபடியே எஞ்சினை உறுமச் செய்து சோதித்தல் பயனற்றது. சுமையின்றேல் இக்கதவுகள் பெரும்பாலும் திறவா. ஒருமுறைக்கு ஒரு வில்லே மாற்றி, நேரமறி கடிகாரத்தால் அளந்து, திணறல் தோன்றுமுன் உள்ள மெலிந்த வில்லைக் கொள்க.

ஆரவாரம் வேறு, ஆற்றல் வேறு. அவ்விரண்டையும் பிரித்தறியக் கடிகாரமும் ஒரு காகிதக் கிளிப்பும் போதும் என்பதே இப்பாடத்தால் நாம் பெறும் தெளிவாம்.