தானே அணைந்து தானே எழும் கணிப்பொறி

"அண்ணே, மறுபடியும் போய்விட்டது!"

சென்ற ஆண்டு சித்திரை மாதத்தில் எம் விடுதியில் நாள்தோறும் இரவு பத்து மணியளவில் எழுந்த குரல் இது. அடுத்த அறைத் தம்பி, உதவித்தொகையில் மாதந்தோறும் மிச்சம் பிடித்துத் தாமே பூட்டிய விளையாட்டுக் கணிப்பொறி ஒன்றை வைத்திருந்தார். ஆட்டம் சூடு பிடிக்கும் வேளை பார்த்துத் திரை கறுக்கும். அடுத்த நொடியே கணிப்பொறி ஒன்றும் அறியாதது போலப் புதிதாகத் துயிலெழும். ஆட்டம் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். ஆனால், அவருடைய இறுதியாண்டு ஆய்வுக்குரிய கணக்குகளும் அதே பொறியில்தான் இரவெல்லாம் ஓட வேண்டியிருந்தன. கடைக்காரர் ஒருவர், "கிராபிக்ஸ் அட்டை போய்விட்டது; வேறு வாங்குங்கள்" என்று தீர்ப்பே வழங்கிவிட்டார். அதன் விலையைக் கேட்டபின் தம்பி இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை.

நண்பர்களே, இத்தகைய நோய்க்கு மருந்து தேடுமுன், நோயின் இயல்பை உற்று நோக்க வேண்டும். "நின்றுவிட்டது" என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் மூவகைப்படும். நீலத்திரை தோன்றிப் பின் எழுவது ஒன்று. முற்றிலும் அணைந்து, பவர் சப்ளையின் பின்புறத்துச் சுவிட்சை அணைத்துப் போட்டாலன்றி எழாதது மற்றொன்று. எந்த அறிவிப்புமின்றிக் கணத்தில் அணைந்து தானே எழுவது மூன்றாவது. முதலாவது பெரும்பாலும் டிரைவர் மென்பொருளையும் ரேமையும் குறிக்கும். இரண்டாவது, பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ளக் கதவடைத்தது என்பதைக் குறிக்கும். தம்பியின் கணிப்பொறியோ மூன்றாம் வகை.

அதையும் உடனே நம்பிவிடலாகாது. பிழை நேர்ந்தால் தானே மீண்டும் தொடங்கும்படி விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. நீலத்திரை தோன்றி மறைவதை நாம் காணாமல் போகலாம். ஆகவே, சிஸ்டம் அமைப்புகளில் அந்தத் தானியங்கும் மறுதொடக்கத்தை நீக்கினோம். மறுநாளும் நீலத்திரை வரவில்லை. ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தால், 'கெர்னல்-பவர் 41' என்ற குறிப்பு வரிசையாக நின்றது. பலர் இவ்வெண்ணைக் கண்டதும் நோயின் பெயரையே கண்டுவிட்டதாக எண்ணுகின்றனர். அஃதன்று. 'முறைப்படி மூடப்படாமல் நின்றேன்' என்று கணிப்பொறி எழுந்தபின் எழுதும் வாக்குமூலமே அது. ஏன் நின்றது என்று அது கூறாது. அதனுள் இருக்கும் 'பக்செக்கோட்' என்னும் எண்ணே பயனுள்ளது. அது சுழியல்லாத எண்ணாக இருந்தால் நீலத்திரைப் பிழை நேர்ந்திருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது சுழி. அஃதாவது, பிழையை எழுதிவைக்கவும் பொறிக்கு நேரம் கிடைக்கவில்லை.

எனவே மின்சாரத்தின் பக்கம் திரும்பினோம். முதற் குற்றவாளி மேசைக்கடியில் அமர்ந்திருந்தது. தம்பி தம் கணிப்பொறியை 600 விஏ யூபிஎஸ் ஒன்றில் மாட்டியிருந்தார். 600 என்ற எண் பெரிதாகத் தோன்றும். ஆனால், அவ்வகை யூபிஎஸ்கள் தாங்கும் சுமை ஏறத்தாழ 360 வாட்டே. தலைநகரின் வேனிலில் குளிர்சாதனங்கள் ஓடும் இரவுகளில் மின்னழுத்தம் தாழும்; யூபிஎஸ் உடனே மின்கலத்துக்கு மாறும்; அக்கணத்தில் ஆட்டமும் நடந்தால் சுமை தாங்காமல் கைவிட்டுவிடும். நேரே சுவர்ப் பிளக்கில் மாட்டியதும் நாளுக்கு நான்கு முறை நேர்ந்தது ஒருமுறையாகக் குறைந்தது. குறைந்ததேயன்றி நீங்கவில்லை. ஒரு காரணம் கிடைத்தால் தேடலை நிறுத்திவிடும் இயல்பு நமக்கு உண்டு; நானும் அன்றிரவு வெற்றி பெற்றுவிட்டதாகத்தான் உறங்கச் சென்றேன்.

மறுநாள் வெப்பத்தையும் நினைவகத்தையும் ஆராய்ந்தோம். செயலியின் வெப்பம் 80 பாகைக்குள் இருந்தது. ரேமின் வேகமூட்டும் அமைப்பை நீக்கி, மெம்டெஸ்ட்86 நிரலை இரவு முழுதும் ஓட்டினோம், பிழை இல்லை. பின்னர்ச் சுமையைப் பிரித்துப் பார்த்தோம். செயலியை மட்டும் முழுதும் உழைக்க விட்டபோது பொறி அசையவில்லை. கிராபிக்ஸ் அட்டையும் உடன் உழைத்தபோது பத்து நிமிடத்தில் அணைந்தெழுந்தது. அட்டை கெட்டதா, அட்டைக்கு உணவூட்டுவது கெட்டதா? இதை அறியக் காசில்லாத வழி ஒன்று உண்டு. அட்டையின் மின்வரம்பை மென்பொருளால் 70 விழுக்காட்டுக்குக் குறைத்தோம். மூன்று மணி நேரம் ஆடியும் அணையவில்லை. ஐயம் பவர் சப்ளையின்மேல் வலுத்தது.

"ஆனால் அண்ணே, கணக்குப் போட்டுத்தானே 650 வாட் வாங்கினேன்!" என்றார் தம்பி. அவர் கணக்கில் பிழையில்லை. அட்டைக்கு 320 வாட். செயலி மிகுதியாக உண்பது 142. மதர்போர்டு, விசிறிகள், சேமிப்பகம் எல்லாம் சேர்ந்து 70. மொத்தம் 532. மேலும் 118 வாட் கையிருப்பு. பின் ஏன் போதவில்லை?

இங்கேதான் பொருளின் நுட்பம் இருக்கிறது. 320 வாட் என்பது சராசரி. இக்கால அட்டைகள் ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில், அச்சராசரியின் இரு மடங்கும் அதற்கு மேலும் மின்சாரத்தை இழுக்கவல்லவை. இரு மடங்கு எனக் கொண்டால் 640, மற்றவை 212, ஆக 852 வாட். சுவரில் மாட்டும் வாட்மானி இதைக் காட்டாது; அதன் கண்ணுக்கு இது மிக விரைவானது. பவர் சப்ளை அத்துடிப்பைத் தாங்காவிடில் 12 வோல்ட் இழை சரியும். விதிப்படி அது 11.4 வோல்ட்டுக்குக் கீழே போகலாகாது. 'மின்சாரம் நலம்' என்று மதர்போர்டுக்கு இடையறாது கூறிவரும் அறிகுறிக் கம்பி ஒன்று பவர் சப்ளையில் உண்டு. அழுத்தம் சரிந்து அக்குரல் நின்றதும் மதர்போர்டு செயலியை அடக்கிவிடும். குரல் மீண்டதும் புதிதாகத் தொடங்கும். நாம் காணும் 'அணைந்தெழுதல்' இதுவே.

இந்த இடர்ப்பாடு பரவலானபின், 2022ஆம் ஆண்டில் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, 450 வாட்டுக்கு மேற்பட்ட பவர் சப்ளைகள் தம் அளவின் இரு மடங்குச் சுமையை ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் தாங்க வேண்டும் என்று விதித்தது. தம்பியின் பெட்டி அதற்கு முந்தைய காலத்தது.

ஐயத்தை உறுதிப்படுத்த மேல்மாடி நண்பரிடம் 850 வாட் பெட்டி ஒன்றை ஓரிரவுக்குக் கடன் பெற்றோம். இங்கே நான் செய்யவிருந்த பெரும் பிழையை ஒளிக்காமல் கூறிவிடுகிறேன். இரண்டும் கம்பிகளைக் கழற்றி மாட்டும் வகை. பழைய கம்பிகள் பெட்டிக்குள் அழகாகக் கட்டப்பட்டிருந்தன. அவற்றையே புதிய பவர் சப்ளையில் மாட்டிவிடலாம் என்று கையில் எடுத்துவிட்டேன். பிளக்கும் பொருந்தியது! கடன் கொடுத்தவர் ஓடிவந்து தடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? பவர் சப்ளை பக்கத்து முனையில் எந்த ஊசியில் எந்த மின்னழுத்தம் என்பதற்குப் பொது விதி இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைக்கிறது. 5 வோல்ட் வேண்டிய சேமிப்பகத்தில் 12 வோல்ட் பாய்ந்து, தம்பியின் ஆய்வு முழுதும் கருகியிருக்கக்கூடும். பவர் சப்ளையை மாற்றுவோர் அதனுடன் வந்த கம்பிகளையே மாட்டுக. பழுதென்று எண்ணி அப்பெட்டியைத் திறக்கவும் வேண்டா. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கியில் 400 வோல்ட்டளவு தங்கியிருக்கலாம்.

அன்றிரவு கணிப்பொறி ஒருமுறையும் அணையவில்லை. கிராபிக்ஸ் அட்டை குற்றமற்றது என்பது வெளிப்பட்டது.

வாங்கும்போது அட்டைப்பெட்டியின் மேல் அச்சிட்ட பெரிய எண்ணை நம்பாமல், பக்கவாட்டுச் சீட்டில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துப் பெருக்குக. 54 ஆம்பியர் என்றால் 648 வாட். 650 என்று கூறுவது நேர்மை. '500 வாட்' என்று எழுதி 25 ஆம்பியரே தருவதாயின் அது 300 வாட் பெட்டியே. '80 பிளஸ் கோல்டு' என்ற முத்திரை திறனைக் குறிக்கும்: பாதிச் சுமையில் 90 விழுக்காட்டுக்குக் குறையாது. வீணாகும் வெப்பம் குறையும் என்பது உண்மை. திடீர்த் துடிப்பைத் தாங்கும் என்பதற்கு அது சான்றன்று. எம் ஊர் வெயிலுக்கு, முழு வாட்டையும் 50 பாகையில் தரவல்லதா, 40 பாகையில்தானா என்றும் கேட்பது நன்று. அட்டைக்கு இரண்டு பிளக்குகள் வேண்டுமாயின், ஒரே கம்பியின் இரு தலைகளை மாட்டாமல் தனித்தனிக் கம்பி இடுக. சுவர்ப் பிளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் விடுதி மின்பணியாளரிடம் கேட்டுவிடுக. எம் தளத்தில் மூன்று அறைகளில் இல்லை.

தம்பி ஏடிஎக்ஸ் 3.0 வகையில் 850 வாட் பெட்டி ஒன்று வாங்கினார். செலவு, புதிய அட்டையின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆய்வுக் கணக்குகள் பதினோரு இரவுகள் தொடர்ந்து ஓடி முடிந்தன. கழற்றிய 650 வாட் பெட்டியை, அதற்குரிய கம்பிகளோடு, நான் வாங்கிக்கொண்டேன். தனிக் கிராபிக்ஸ் அட்டை இல்லாத என் எளிய கணிப்பொறியில் அது இன்றும் குறையின்றி உழைக்கிறது. இக்கட்டுரையைத் தட்டெழுதியதும் அதில்தான்.