ஜித்தா விமானமும் மீக்காத்தும்

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ புறப்படும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிச் சகோதரர்கள் பாஸ்போர்ட் முதல் ஊறுகாய்ப் பொட்டலம் வரை கவனமாகக் கட்டி வைக்கிறார்கள். ஆனால் வானத்தில் எத்தனை மணி நேரம் இருப்போம், எந்த இடத்தைக் கடப்போம் என்று கேட்டு வைப்பவர் சிலரே. நம் அமல்கள் பல இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன.

மீனம்பாக்கத்திலிருந்து ஜித்தா நேர்க்கோட்டில் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். எங்கும் இறங்காத விமானத்துக்கு ஐந்தரை முதல் ஆறு மணி நேரம் ஆகும். வழியில் வேறு விமானம் மாறினால் இன்னும் கூடும். அங்குள்ள கடிகாரம் நம்முடையதற்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது.

பம்பாய் சென்று கப்பலேறிய காலத்தில் (அந்தக் கப்பல் பயணம் 1995-ல் நின்றது) யலம்லம் நெருங்குமுன் குளித்து, உடை மாற்றி, நிதானமாக இஹ்ராம் கட்ட அவகாசம் இருந்தது. விமானம் நிமிடத்துக்கு 13, 14 கிலோமீட்டர் பறக்கிறது. கிழக்கிலிருந்து வருபவை பெரும்பாலும் தாயிபை அடுத்த கர்னுல் மனாஸிலையோ அதற்கு நேரான வான்வெளியையோ கடக்கின்றன. ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தால் சுமார் 70 கிலோமீட்டர் போய்விடும்!

"ஜித்தாவில் இறங்கிக் கட்டிக்கொள்ளலாமே" என்பார்கள். ஃபிக்ஹு அகாடமி 1986-ல் அம்மானில் கூடியபோது, விமானத்தில் வருவோரும் மீக்காத்துக்கு நேராக வரும்போதே இஹ்ராம் கட்டவேண்டும் என்றே முடிவு செய்தது. இஹ்ராமின்றிக் கடந்தவர் மீக்காத்துக்குத் திரும்பிச் சென்று கட்டவேண்டும். இல்லையேல் தம் கொடுக்கவேண்டும். ஆகவே ஆண்கள் இஹ்ராம் துணியை வீட்டிலோ விமான நிலையத்திலோ உடுத்திக்கொள்வது நலம். அதைப் பெரிய பெட்டியில் வைத்துச் சரக்கோடு அனுப்பிவிட்டு இருக்கையில் தவிப்பவர்களும் உண்டு. துணி உடுத்தியதாலேயே இஹ்ராம் ஆகிவிடாது, நிய்யத்தால்தான் ஆகும். விமானத்தில் அறிவிப்பு வந்ததும் நிய்யத் செய்து தல்பியா சொல்லுங்கள். தூங்கிவிடுவோமோ என்ற பயமிருந்தால் முன்கூட்டியே நிய்யத் செய்துகொள்ளலாம், அது கூடும்.

ரமலானில் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. மார்ச் கடைசியில் இங்கே சூரியன் மறைவது மாலை 6.20 அளவில், ஜித்தாவில் அங்குள்ள மணிக்கு 6.36 அளவில், அதாவது நம் மணிக்கு இரவு 9.06. அம்பத்தூரில் ஸஹர் செய்து நோன்புடன் பிற்பகல் மூன்று மணிக்குப் பறந்தவருக்குப் பகல் இரண்டே முக்கால் மணி நேரம் நீள்கிறது. சூரியனைத் துரத்திக்கொண்டே போகிறாரல்லவா? கையிலுள்ள கடிகாரம் 6.20 காட்டுகிறதென்று பேரீச்சம்பழத்தை வாயில் போட்டால் நோன்பு முறிந்துவிடும். சன்னலுக்கு வெளியே சூரியன் தெரியும்வரை பகல்தான். 35,000 அடி உயரத்தில், கீழேயுள்ள ஊரில் மறைந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சூரியன் தெரியும். முஸாபிருக்கு நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய அனுமதி உண்டு. ஆனால் பிடித்தவர் அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது.

தொழுகைக்குக் கிப்லா தேடி அதிகம் அலைய வேண்டாம். சென்னையிலிருந்து கிப்லா மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே சாய்ந்தது. விமானத்தின் மூக்கும் ஏறக்குறைய அத்திசையில்தான். ஷாபிஈ மத்ஹபினர் ஜம்உ செய்யலாம். ஹனபிகள் அந்தந்த வக்திலேயே தொழவேண்டும்.

கஸ்ர் எங்கிருந்து தொடங்கும்? தம் ஊரின் கட்டிடங்களைத் தாண்டியதிலிருந்து. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியானது. பார்க்கவேண்டியது மாநகராட்சி எல்லையை அல்ல, வீடுகளின் தொடர்ச்சியை. இன்று மீனம்பாக்கம் வரை வீடுகள் விட்ட இடம் மிகக் குறைவு. ஆகவே விமான நிலையத்தில் நான்கா, இரண்டா என்பதைப் புறப்படுமுன் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.