பாடினது யார்?

(வேத பாடம்: எசேக்கியேல் 33:30-33, மாற்கு 9:38-40, பிலிப்பியர் 1:15-18)



சென்ற மாதம் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, "பாஸ்டர், சினிமாவில பாடுறவங்க பாடின கிறிஸ்தவப் பாட்டை நாம கேக்கலாமா? அதுல அபிஷேகம் இருக்குமா?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேள்விக்கு இருபது வருஷத்துக்கு முன்பே ஒரு வீட்டில் பதில் சொல்லிவிட்டு வந்தவன் நான். சொன்ன பதில் தவறு.

அது 2003. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ முடித்து வந்த புதுசு. வயது இருபத்துநாலு. பகலெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம். மேனாம்பேட்டில் ஒரு சகோதரியின் வீட்டுக்குப் போனோம். கணவர் மரித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் உள்ளே நுழையும்போது டேப் ரெக்கார்டரில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. "சிஸ்டர், இது எஸ்.பி.பி. பாடினதாச்சே?" என்றேன். "ஆமா பிரதர், அவர் வாங்கின கேசட்" என்றார்கள்.

பிடித்துக்கொண்டேன். யாக்கோபு 3-ஆம் அதிகாரத்தை எடுத்து அரை மணி நேரம் பிரசங்கம். காலையில் காதல் பாட்டு, மத்தியானம் வேறு சாமி பாட்டு, சாயங்காலம் இயேசுவின் பாட்டு, இதெல்லாம் அவருக்குத் தொழில் என்றேன். 1981 பிப்ரவரி 8-ஆம் தேதி பெங்களூரில் ஒரே நாளில் 21 கன்னடப் பாடல்களைப் பதிவு செய்தவர் அவர் என்று எங்கேயோ படித்ததையும் சேர்த்துச் சொன்னேன். இத்தனை வேகத்தில் பாடுகிறவருக்குக் கல்வாரியை நினைக்க நேரம் ஏது என்று கேட்டேன். அந்தச் சகோதரி ஒன்றும் பேசவில்லை. கேசட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஜெயம் கிடைத்தது என்று நினைத்து வீட்டுக்கு வந்தேன்.

சரி, இப்போது வேதத்துக்கு வருவோம். நான் சொன்ன செய்திகளில் பொய் இல்லை. எஸ்.பி. பாலசுப்ரமணியம் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. அவர் தகப்பனார் ஹரிகதை சொல்லுகிறவர். தமிழிலும் தெலுங்கிலும் அவர் பாடிய கிறிஸ்தவப் பாடல்கள் ஏராளம் என்றாலும், இசையமைப்பாளர் அழைத்ததால் வந்து பாடினார். ஆனால் பவுல் என்ன சொல்லுகிறார்? சிறையில் இருக்கிறவர் அவர். வெளியே சிலர் பொறாமையாலும் விரோதத்தாலும் கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறார்கள். அவர்கள் நோக்கம் கெட்டது என்று தெரிந்தும், கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே, அதற்காக நான் சந்தோஷப்படுகிறேன் என்கிறார். பாலசுப்ரமணியத்திடம் பொறாமையோ விரோதமோ இருந்ததா? கூலி வாங்கினார், சுருதி பிசகாமல் பாடிக் கொடுத்தார். அந்தப் பொல்லாதவர்களை நினைத்தே பவுல் சந்தோஷப்பட்டாரென்றால், நான் மேனாம்பேட்டில் எதற்குக் கோபப்பட்டேன்?

(இந்த இடத்தில் சிலர் பிலேயாமின் கழுதையை உதாரணம் சொல்லுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. நமக்காக ஒரு மனுஷன் தொண்டையைக் கொடுத்திருக்கிறார், மரியாதை வேண்டாமா?)

சபையில் வளர்ந்தவர் பாடிவிட்டால் மட்டும் எல்லாம் சரியா? அமெரிக்காவில் எல்விஸ் பிரெஸ்லி என்று ஒரு பாடகர். சிறுவயதில் டுபெலோ என்ற ஊரில் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையில், அதாவது நம்மைப்போன்ற பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவர். ராக் அண்ட் ரோல் பாடி உலகமெல்லாம் பேர் வாங்கினார். பிரசங்கிமார் அவரைப் பீடங்களில் கண்டித்தார்கள். அவரே 1966 மே மாதம் நாஷ்வில்லில் 'ஹவ் கிரேட் தௌ ஆர்ட்' என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார். 1967-ல் வெளிவந்தது, கிராமி பரிசு பெற்றது. அவர் போட்டியில் வென்ற கிராமி மொத்தம் மூன்று. மூன்றும் ஆவிக்குரிய பாடல்களுக்கே, ராக் பாட்டுக்கு ஒன்றுகூட இல்லை! 1977-ல் 42 வயதில் மரித்தார். எனக்கு இப்போது 46. அவர் ஆத்துமாவைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன்.

அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாடலை 1885-ல் ஸ்வீடன் நாட்டில் கார்ல் போபெரி கவிதையாக எழுதினார். ஸ்டூவர்ட் ஹைன் என்ற மிஷனரி ஆங்கிலத்தில் ஆக்கினார். 1954-ல் நம் இந்தியாவில், தேவ்லாலியில், நாகா விசுவாசிகள் அதைப் பாட எட்வின் ஓர் என்ற ஊழியக்காரர் கேட்டு அமெரிக்காவுக்கு எடுத்துப் போனார். யார் யார் கையில் ஏறி இறங்கி வந்திருக்கிறது பாருங்கள்!

இன்னொன்று. 2018 ஆகஸ்ட் 25-ல் சென்னையில் கர்நாடக இசைப் பாடகர் ஓ.எஸ். அருண் கிறிஸ்தவப் பாடல்களைப் பாட இருந்தார். 'நம் வித்துவான் அவர்கள் பாட்டைப் பாடுவதா' என்று எதிர்ப்புக் கிளம்பியது; அவர் விலகிக்கொண்டார். அதைக் கேட்டு டி.எம். கிருஷ்ணா, மாதம் ஒரு பாட்டு இயேசுவையோ அல்லாவையோ குறித்து வெளியிடுவேன் என்று அறிவித்தார். பேப்பரில் படித்தபோது எனக்கு எதிர்ப்பாளர்கள்மேல் கோபம் வந்தது. அப்புறம் உறைத்தது. 'நம்மவர் அவர்கள் பாட்டைப் பாடக்கூடாது' என்று அவர்கள் சொன்னார்கள். 'அவர் நம் பாட்டைப் பாடக்கூடாது' என்று நான் சொன்னேன். நம்மைப் பின்பற்றாதவன் என்று யோவான் தடுத்த மனுஷனை, ஆண்டவர் தடுக்க வேண்டாம் என்றாரே!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லுகிறேன். சபையில் ஆராதனை நடத்துவது வேறு காரியம். 1 நாளாகமம் 25-ல் அதற்கென்று பிரித்தெடுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். அங்கே சாட்சியுள்ள ஜீவியம் வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பெட்டியில் ஓடும் பாட்டுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

எசேக்கியேல் 33-ஐத் திறந்து பாருங்கள். ஜனங்கள் தீர்க்கதரிசியின் முன்னே வந்து உட்காருகிறார்கள். இனிய குரலில் வாத்தியத்தோடு பாடுகிற பாடகனைப்போல அவரைக் கேட்டு ரசிக்கிறார்கள். சொன்னபடி செய்வதில்லை. அங்கே தேவன் பாடகனைக் குற்றப்படுத்தவில்லை, கேட்டவர்களையே குற்றப்படுத்துகிறார். நான் அன்று அந்த வீட்டில் கேட்டது என்ன? குரல் யாருடையது என்பது இன்றும் ஞாபகம் இருக்கிறது. பாட்டில் என்ன சொல்லியிருந்தது என்று கேட்டால் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

2020 செப்டம்பர் 25-ல் எஸ்.பி.பி. சென்னையில் காலமானார். மறுநாள் நம் ஆவடிக்கு வடக்கே தாமரைப்பாக்கத்தில் அவரை அடக்கம் பண்ணினார்கள். அன்று சாயங்காலம் அந்தச் சகோதரி போன் பண்ணினார்கள். "பாஸ்டர், அந்தக் கேசட்டை என்ன பண்ணீங்க?" பதினேழு வருஷமாக ஒரு தடவைகூட அவர்கள் கேட்டதில்லை. கடைசிக் காலத்தில் அவர் கணவருக்கு ராத்திரியில் தூக்கமே கிடையாதாம். இரண்டாம் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்பாராம். அதைக் கேட்டுத்தான் ஒரு நாள், 'ஞாயித்துக்கிழமை என்னைச் சபைக்குக் கூட்டிட்டுப் போ' என்று அவரே சொன்னாராம். அவர் ஞானஸ்நானம் எடுத்தது எனக்குத் தெரியும். எது அவரைக் கொண்டுவந்தது என்று நான் விசாரித்ததே இல்லை.

பரணில் கல்லூரி நோட்டுகள் இருந்த டிரங்குப் பெட்டியில் அது கிடந்தது. நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தது. உறைக்குள் அவர் கையெழுத்தில் வாங்கின தேதி. அடுத்த வாரம் முகக்கவசம் போட்டுக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்து, "என்னை மன்னிச்சிடுங்க சிஸ்டர்" என்றேன். அவர்கள் வீட்டில் இப்போது டேப் ரெக்கார்டர் இல்லை. பேரன் போனில் தேடி அதே பாட்டை எடுத்துப் போட்டான். சகோதரி கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"ஆயா, இது யாரு பாடினது?" என்று பேரன் கேட்டான்.

"உங்க தாத்தா கேட்ட பாட்டுடா" என்றார்கள்.