பங்கு விலை வகுக்கும் சேவை விதிகள்

நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு செயலி திடீரென விளம்பரம் காட்டத் தொடங்குகிறது. நேற்றுவரை இலவசமாக இருந்த வசதிக்கு இன்று கட்டணம் கேட்கிறது. இம்மாற்றங்களைப் பொறியாளர்களின் முடிவு என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் பல வேளைகளில் அவற்றின் வேர் பங்குச் சந்தையில் இருக்கிறது. நேரடியாகவோ பரஸ்பர நிதி வழியாகவோ பங்குகளில் சேமிக்கும் வாடிக்கையாளர்கள் இத்தொடர்பை அறிந்திருத்தல் நலம்.

ஊக்கத்தின் கணக்கு

தொழில்நுட்ப நிறுவனங்கள் பல, தம் உயர் அலுவலர்களின் ஊதியத்தில் கணிசமான பகுதியைப் பங்குகளாகவோ பங்கு வாங்கும் உரிமையாகவோ வழங்குகின்றன. ஓர் அலுவலருக்கு 10,000 பங்குகளை ரூ.100 வீதம் வாங்கும் உரிமை அளிக்கப்பட்டதாகக் கொள்வோம். சந்தை விலை ரூ.160 ஆக உயர்ந்தால் அவருக்கு ரூ.6 லட்சம் ஆதாயம். விலை ரூ.90 ஆகக் குறைந்தால் அவ்வுரிமையால் அவருக்குப் பயன் ஏதுமில்லை.

உரிமையாளரின் நலனும் நிர்வாகியின் நலனும் ஒன்றாக வேண்டும் என்பதே இம்முறையின் நோக்கம். எனினும், சந்தை ஒவ்வொரு காலாண்டிலும் ஓரிரு அளவுகோல்களைக் கொண்டே நிறுவனத்தை எடைபோடுகிறது. ஆகவே அந்த அளவுகோல் உயரும் வகையில் சேவையை வடிவமைக்கும் தூண்டுதல் நிர்வாகத்திற்கு இயல்பாகவே எழுகிறது.

நெட்ஃபிளிக்ஸ் தரும் பாடம்

அமெரிக்க நிறுவனமான நெட்ஃபிளிக்ஸை முதலீட்டாளர்கள் நெடுங்காலம் சந்தாதாரர் எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிட்டனர். அக்காலத்தில் விளம்பரம் இல்லாமையே அச்சேவையின் சிறப்பாக இருந்தது. கடவுச்சொல்லைப் பிறருடன் பகிர்வதும் பெரிதாகத் தடுக்கப்படவில்லை. 2021 டிசம்பரில் இந்தியாவில் கைப்பேசித் திட்டத்தின் மாதக் கட்டணம் ரூ.199இலிருந்து ரூ.149 ஆகக் குறைக்கப்பட்டது. எண்ணிக்கையே அளவுகோலாக இருக்கும்போது இத்தகைய முடிவு பொருந்துவதே.

2022 ஏப்ரலில் நிலைமை மாறியது. அவ்வாண்டின் முதல் காலாண்டில் 25 லட்சம் சந்தாதாரர்கள் சேருவர் என்று நிறுவனம் முன்னர் கணித்திருந்தது. ஆனால் 2 லட்சம் பேர் குறைந்தனர். அறிவிப்புக்கு மறுநாள் பங்கு விலை ஏறத்தாழ 35 விழுக்காடு வீழ்ந்தது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பிறர் கணக்கின் வழியே பார்ப்பதாக நிறுவனம் அப்போது மதிப்பிட்டது. அதே நவம்பரில் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் விளம்பரத்துடன் கூடிய திட்டம் வந்தது. 2023 மே மாதம் அமெரிக்காவிலும் ஜூலையில் இந்தியாவிலும் கடவுச்சொல் பகிர்வுக்குக் கட்டுப்பாடு வந்தது.

இம்மாற்றங்களுக்குப் பங்கு விலை மட்டுமே காரணம் அன்று. போட்டியும் தயாரிப்புச் செலவும் உண்டு. ஆயினும் பல ஆண்டுகள் தள்ளிப்போடப்பட்ட முடிவுகள் அவ்வீழ்ச்சிக்குப் பின் விரைந்து நிறைவேறின. 2024 இறுதியில் சந்தாதாரர் 30 கோடியைக் கடந்தனர். 2025 முதல், காலாண்டுதோறும் அவ்வெண்ணிக்கையை வெளியிடுவதை நிறுவனம் நிறுத்தியது. வருவாயும் இயக்க இலாபமுமே முதன்மை அளவுகோல்கள் ஆயின.

முதலீட்டாளர் கேட்க வேண்டியவை

முதலாவதாக, இந்நிறுவனத்தைச் சந்தை எந்த எண்ணால் அளக்கிறது? அவ்வெண்ணை உயர்த்தும் முடிவுகளே அடுத்து வரக்கூடும். இரண்டாவதாக, அவ்வுயர்வு பயனாளரின் மனநிறைவால் வந்ததா, அவர் பொறுமையைச் சோதித்ததால் வந்ததா? பின்னது நெடுநாள் நிலைக்காது. மூன்றாவதாக, நிர்வாகிகளின் ஊக்க ஊதியம் எத்தனை ஆண்டுச் செயல்பாட்டோடு பிணைக்கப்பட்டுள்ளது? இந்தியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் நிர்வாகிகளின் ஊதியம் குறித்த விவரங்களைக் காணலாம்.

ஒரு நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்துவோர், பரஸ்பர நிதி வழியாக அதன் பங்குதாரராகவும் இருக்கக்கூடும். பயனாளராக நமக்கு எரிச்சலூட்டும் மாற்றம் பங்குதாரராக நமக்கு ஆதாயம் தரலாம்; அவ்வாதாயம் எத்தனை காலம் நிற்கும் என்பதைப் பயனாளராக நாம் பெறும் அனுபவமே பெரும்பாலும் முன்னறிவிக்கும். ஆதலால் காலாண்டு முடிவுகளைப் படிக்கும்போது, அச்சேவையை அன்றாடம் பயன்படுத்தும் தங்கள் இல்லத்தாரிடமும் ஒரு சொல் கேட்டறிவீர்களாக.