வைக்கோலும் காளானும்: வயலின் செல்வம் வயலுக்கே

காலபோக அறுவடை முடிந்ததும் வயலில் கிடக்கும் வைக்கோலுக்குத் தீ வைக்கும் வழக்கம் ஓமந்தைப் பகுதியில் மட்டுமன்றி வன்னி எங்கும் இன்னமும் உள்ளது. முன்னர் களத்தில் சூடடித்த காலத்தில் வைக்கோல் ஓரிடத்தில் குவிந்தது. போராக வைத்து மாட்டுக்குக் கொடுத்தோம். இப்போது அறுவடை இயந்திரம் அதை வயல் முழுவதும் பரப்பிவிட்டுப் போகிறது. அள்ளக் கூலி இல்லை. எரிப்பதே இலகு என்று எண்ணுகிறோம். எரிப்பது எதை என்பதை முதலில் கணக்குப் பார்ப்போம்.

எரிவது எவ்வளவு?

நெல் எவ்வளவு விளைகிறதோ ஏறக்குறைய அதே நிறை வைக்கோலும் கிடைக்கும். ஏக்கருக்கு 2,000 கிலோ நெல் என்றால் வைக்கோலும் ஏறத்தாழ 2,000 கிலோ. இதில் 10 முதல் 16 கிலோ வரை நைதரசன் உண்டு. இது 22 முதல் 35 கிலோ யூரியாவுக்குச் சமம். பொற்றாசியமோ 50 கிலோ எம்.ஓ.பி. பசளை மூட்டை ஒன்றில் உள்ள அளவுக்குக் குறையாது. தீ வைத்தால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். பொசுபரசில் காற்பங்கும் பொற்றாசியத்தில் ஐந்திலொரு பங்கும் இழக்கப்படும். எஞ்சும் சாம்பலையும் காற்றும் முதல் மழையும் கொண்டுபோகின்றன.

பசளைப் பை வராத காலம் எமக்குப் புதிதல்ல. 1990களில் பொருளாதாரத் தடையினால் வன்னிக்குள் யூரியா வரவில்லை. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. நவம்பரில் தடை நீங்கியபோதும் அந்தப் பெரும்போகத்தின் விளைச்சல் நாடெங்கும் வீழ்ந்தது. சேதனப் பசளை தீங்கானது என்பது இதன் பாடமன்று. வர்த்தமானியில் அறிவித்தவுடன் சேதனப் பசளை உண்டாகிவிடாது, முன்கூட்டியே ஆக்கி வைத்தவனிடமே அது இருக்கும் என்பதே பாடம்.

பூஞ்சணம் செய்யும் வேலை

வைக்கோல் ஏன் இலகுவில் உக்குவதில்லை? அதிலுள்ள செலுலோசு என்னும் நார்ப்பொருளை இலிக்னின் என்னும் கடினமான பொருள் பொதிந்து காக்கிறது. வீட்டுச் சுவரில் கல்லைச் சாந்து பிடித்து வைத்திருப்பது போன்றது இது. பக்ரீரியாக்கள் பெரும்பாலும் இந்தச் சாந்தை உடைக்க வல்லன அல்ல. அதை உடைக்கும் வல்லமை பங்கசுக்களுக்கே, அதாவது பூஞ்சணங்களுக்கும் காளான்களுக்குமே, சிறப்பாக உண்டு. அவை நூல் போன்ற இழைகளை வைக்கோலுக்குள் செலுத்தி, நொதியங்களைச் சுரந்து, கரைந்ததை உறிஞ்சி வளர்கின்றன. நாம் காளான் என்று பறிப்பது இந்த இழைகளின் காய் மாத்திரமே.

இந்தத் தொழிலை எமக்கு முன்னரே அறிந்தது கறையான். எமது காடுகளில் புற்றுக் கட்டும் கறையான் வகைகள் சருகையும் மரத்துண்டையும் கொண்டுசென்று, புற்றின் உள்ளே தேன்கூடு போன்ற ஒரு படுக்கையை அமைத்து, அதில் பங்கசை வளர்க்கின்றன. பங்கசு இலிக்னினை உடைத்துப் பதப்படுத்தியதையே அவை உண்கின்றன. மழை பெய்ததும் புற்றின்மேல் முளைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்தின் விளைவுதான்.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இதே வழியைத் தும்புச்சோற்றில் கையாண்டனர். ஒரு தொன் தும்புச்சோற்றுக்கு 5 போத்தல் சிப்பிக் காளான் வித்தும் 5 கிலோ யூரியாவும் படைபடையாக இட்டு ஈரமாக வைத்தனர். காபனுக்கும் நைதரசனுக்கும் உள்ள விகிதம் 112க்கு 1 என்பதிலிருந்து சுமார் ஒரு மாதத்தில் 24க்கு 1 ஆகக் குறைந்தது. ஆண்டுக்கணக்கில் உக்காமல் கிடக்கும் கழிவு இவ்வாறு பசளையாயிற்று.

முதலில் காளான், பின்னர் பசளை

வைக்கோலிலிருந்து இரண்டு பயன் பெறலாம். சுத்தமான வைக்கோலைத் துண்டாக்கி ஓரிரவு ஊறவைத்து, சுடுநீரில் ஒரு மணிநேரம் அமிழ்த்தி, நீரை வடியவிட்டு, பொலித்தீன் பையில் காளான் வித்துடன் படைபடையாக நிரப்ப வேண்டும். இருண்ட, குளிர்ச்சியான கொட்டிலில் இரண்டு மூன்று வாரங்களில் பை முழுவதும் வெண்மையாகும். பின் துளையிட்டு ஈரலிப்பைப் பேணினால் காளான் வெளிவரும். நன்கு பராமரித்தால் 10 கிலோ உலர்ந்த வைக்கோலில் 5 கிலோ வரை சிப்பிக் காளான் பெறலாம்.

காலநிலையைக் கவனிக்க வேண்டும். சிப்பிக் காளானுக்குக் கார்த்திகை முதல் மாசி வரையுள்ள குளிர்ந்த மாதங்கள் ஏற்றவை. வெயில் மாதங்களுக்கு 30 முதல் 35 பாகை வரை தாங்கும் வைக்கோல் காளானோ பாற்காளானோ பொருந்தும். வித்துப் பெறும் இடத்தை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம். காளான் பறித்து முடிந்த பையைக் கொட்டிவிடாதீர்கள். அது பாதி உக்கிய வைக்கோல். பசளைக் குவியலில் விரைவில் மக்கிவிடும்.

குவியல் அமைக்கும் முறை

1. மாசி, பங்குனியில் குளத்திலும் கிணற்றிலும் நீர் இருக்கும்போதே தொடங்குங்கள். வைக்கோல் உலர்ந்து கிடந்தால் ஐப்பசி மழை வரை பங்கசு வேலை செய்யாது.

2. மரநிழலில், வெள்ளம் தேங்காத மேட்டில், 5 அடி அகலமும் 5 அடி உயரமுமாக அமையுங்கள். நீளம் வைக்கோலின் அளவைப் பொறுத்தது.

3. நனைத்த வைக்கோல் அரையடி, கிளிறிசிடியா போன்ற பச்சை இலை கால் அடி, அதன்மேல் சாணக் கரைசல், ஒரு பிடி பழைய பசளை. இவ்வாறு மாறி மாறி அடுக்குங்கள். வைக்கோலில் நைதரசன் குறைவு. பச்சை இலையும் சாணமும் அதை ஈடுசெய்கின்றன.

4. கிடுகினால் மூடுங்கள். ஒரு பிடியை எடுத்துப் பிழிந்தால் சில துளி நீர் கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். கசியாவிட்டால் நீர் தெளியுங்கள்.

5. முதல் வாரத்தில் நடுப்பகுதி கைவைக்க முடியாத அளவு சூடாகும். களை விதைகள் பல இச்சூட்டில் அழியும். மூன்றாம், ஆறாம் வாரங்களில் புரட்டுங்கள். காற்றின்றி இப்பங்கசுக்கள் வாழா.

6. கடைகளில் விற்கும் திரைக்கோடேர்மா பங்கசை இடுவதாயின் சூடு தணிந்த பின்னரே இடுங்கள். கொதிக்கும் குவியலில் அது இறந்துவிடும்.

ஏறக்குறைய மூன்று மாதத்தில் கருமையான, மண்வாசனையுள்ள பசளை கிடைக்கும். குவிக்க ஆளில்லாதவர்கள் எரிப்பதை விட்டு, விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே வைக்கோலை உழுது மண்ணில் சேர்க்கலாம். கடைசி நேரத்தில் சேர்த்தால் நுண்ணங்கிகள் மண்ணின் நைதரசனைப் பிடித்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும்.

இப்பசளை யூரியாவை முழுவதும் நீக்கிவிடும் என்று நாம் சொல்லவில்லை. மேலே கண்ட கணக்கே அதைக் காட்டும். மேலும், இதிலுள்ள நைதரசன் மெதுவாகவே வெளிவரும். ஆனால் பொற்றாசியச் செலவைக் குறைக்கும். எமது செம்மண் ஈரத்தைப் பிடித்துவைக்க உதவும். ஆண்டுதோறும் இட்டால் வாங்கும் பசளையின் அளவு குறையும்.

கவனிக்க வேண்டியவை

பசளைக் குவியலைக் காளான் கொட்டிலுக்கு அருகில் அமைக்க வேண்டாம். குவியலுக்கு நண்பனான திரைக்கோடேர்மா காளான் பைக்குப் பச்சைப் பூஞ்சணமாகிய பகைவன். குவியலைப் புரட்டும்போதும் கொட்டிலில் வேலை செய்யும்போதும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். வித்திகள் சளியையும் இழுப்பையும் உண்டாக்கலாம். அடையாளம் உறுதியாகத் தெரியாத காட்டுக் காளானை உண்ண வேண்டாம். சருகு அள்ளப் போவோர் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காட்டுக்குள் கால் வைக்கவே கூடாது.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் சென்ற காலபோகத்தில் எத்தனை ஏக்கர் வைக்கோல் எரிக்கப்பட்டது? மேலே கண்ட கணக்கின்படி அதன் பெறுமதி என்ன?

2. வைக்கோல் அள்ளும் வேலையைக் கமக்காரர் அமைப்பு முறைவைத்துச் செய்ய முடியுமா?

3. காளான் கொட்டில் ஒன்றைப் பெண்கள் குழு பொதுவாக நடத்தினால் வித்து, கொட்டில், விற்பனை ஆகியவற்றுக்கு யார் பொறுப்பேற்பர்?

4. ஒரு குவியலையாவது இவ்வாண்டு யாருடைய வளவில் அமைக்கலாம்? எந்த நாளில் தொடங்கலாம்?